கையைப் பிடித்து இழுக்காதீர்கள்... சேர்ந்து நடங்கள்!

"டாக்டர், இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா நானும் சேர்ந்து விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு. விட்டுட்டு நடந்தா இவர் விழுந்துடுவாரோன்னு பயம். நான் என்னதான் பண்றது?"

சென்ற மழைக்காலத்தில் என்னிடம் வந்த ஒரு அம்மாள் கேட்ட கேள்வி இது. கணவருக்கு 66 வயது. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளாக நடுக்குவாதம். ஆங்கில மருத்துவத்தில் பார்க்கின்சன் நோய் என்பார்கள். நரம்பியல் நிபுணர் கொடுத்த மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டு வருகிறார். என்னிடம் வந்தது மலச்சிக்கலுக்கும், அந்த அம்மாளின் தோள்பட்டை வலிக்கும்.

அந்தத் தோள் வலிக்குக் காரணம் என்னவென்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. என் அறை வாசலிலேயே கண்ணால் பார்த்துவிட்டேன். நிலைப்படி அருகே வந்ததும் அவர் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிட்டன. இந்த நோயில் இப்படி ஆவது உண்டு. மனசு 'போ' என்று சொல்லும், கால் நகராது. அந்த அம்மாள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"வாங்கங்க... ஏன் அங்கேயே நிக்கறீங்க?"

"இழுக்காதே!"

உட்கார்ந்ததும் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாலு வருஷமா எங்க வீட்டுல பேச்சே இதுதான் டாக்டர். நான் 'வாங்க'ம்பேன், இவர் 'இழுக்காதே'ம்பார். வேற பேச்சே இல்லாம போச்சு."

பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் கேட்டார். "பையன் அமெரிக்காவுல இருக்கான். டாங்கோன்னு ஒரு டான்ஸ் இருக்காம். இந்த நோய்க்கு நல்லதுன்னு சொல்றான். சினிமாவுல ஆம்பளையும் பொம்பளையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஆடுவாங்களே, அது. பேரன் பேத்தி எடுத்த பிறகு இதெல்லாம் நல்லாவா இருக்கும்?"

கணவரின் முகத்தில் சிரிப்பு வரவில்லை. நடுக்குவாதத்தில் முகத்தசை இறுகிவிடும். ஆனால் கண்ணில் ஒரு குறும்பு மின்னியது. அதைப் பார்த்துத்தான் 'சரி, விசாரிச்சுச் சொல்றேன்' என்றேன். படித்தேன். சென்னையில் ஒரு வகுப்பில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அப்படித் தெரிந்துகொண்டதுதான் இந்த மாதப் பாடம்.

டாங்கோ எங்கே பிறந்தது?

தென் அமெரிக்காவில் ரியோ தெ லா பிளாட்டா என்று ஒரு அகன்ற ஆற்று முகத்துவாரம் இருக்கிறது. அதன் ஒரு கரையில் அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸ். மறுகரையில் உருகுவே நாட்டின் தலைநகர் மொண்டேவிதியோ. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்த இரண்டு துறைமுக நகரங்களின் எளிய மக்கள் வாழ்ந்த பகுதிகளில் பிறந்ததுதான் டாங்கோ. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பலில் பிழைக்க வந்தவர்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர், உள்ளூர்க்காரர்கள் என்று எல்லோருடைய தாளமும் பாட்டும் அதில் கலந்தன. அதன் முக்கிய வாத்தியமான பாண்டோனியன் ஜெர்மனியிலிருந்து வந்தது. நம் ஆர்மோனியம் போலத் துருத்தியில் காற்றடித்து வாசிப்பது. ஆனால் மடியில் வைத்து இரண்டு கையாலும் விரித்து மடக்க வேண்டும்.

முதலில் பெரிய குடும்பத்துக்காரர்கள் இதை முகம் சுளித்துத்தான் பார்த்தார்கள். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு பாரிஸ் நகரத்தில் இது பெரிய மோகமானது. அதற்குப் பிறகுதான் சொந்த ஊரிலேயே மரியாதை கிடைத்தது. 2009-ல் யுனெஸ்கோ நிறுவனம் டாங்கோவை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து கேட்டு வாங்கிய பெருமை அது.

மேடையில் காலைத் தூக்கி வீசி ஆடுகிறார்களே, அது காட்சிக்காக ஆடுவது. அந்த ஊரில் 'மிலோங்கா' என்று சொல்லப்படும் நடனக்கூடங்களில் சாதாரண மனிதர்கள் ஆடுவது வேறு. அங்கே எழுபது வயதுக்காரர்களும் ஆடுகிறார்கள். காலைத் தூக்குவது குறைவு. பெரும்பாலும் நடைதான். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவரையொருவர் அணைத்த நிலையில், பாட்டுக்கேற்ப நடக்கிறார்கள். கூடத்தில் எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் வரிசையாகச் சுற்றி வருகிறார்கள்.

பேசாமல் பேசுவது எப்படி?

இந்த நடனத்தில் 'இத்தனையாவது அடிக்கு இது' என்று மனப்பாடம் செய்து வைத்த வரிசை கிடையாது. ஒருவர் நடத்துகிறார், மற்றவர் தொடர்கிறார். அடுத்த அடி முன்னேயா, பக்கவாட்டிலா, அல்லது நிற்பதா என்பது அந்த நொடியில்தான் முடிவாகும். வாயால் சொல்லக்கூடாது. கையால் தள்ளவும் கூடாது. பிறகு எப்படித்தான் தெரிகிறது?

நடத்துபவர் காலை எடுத்து வைப்பதற்கு முன்பே அவருடைய உடல் எடை மாறுகிறது. நெஞ்சு ஒரு நூலளவு நகர்கிறது. அணைப்பின் வழியாக அது எதிராளிக்குத் தெரிகிறது. அவர் அதைக் கேட்டு, தன் எடையை மாற்றி, தன் காலை எடுத்து வைக்கிறார். அந்த அடி முடிகிற வரை நடத்துபவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் அடுத்த அடிக்குப் போனால் இருவரும் தடுமாறுவார்கள். ஆக, நடத்துபவரும் பாதி நேரம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். தொடர்பவரும் பொம்மை இல்லை. அவர் மெதுவாக அடி வைத்தால் நடத்துபவர் மெதுவாகத்தான் போக முடியும்.

ஆணே நடத்த வேண்டும் என்பது பழைய வழக்கம். இப்போது பெண் நடத்தி ஆண் தொடர்வதும் உண்டு. இரண்டையும் கற்றவர்தான் எதிராளியின் கஷ்டம் புரிந்தவர்.

ஆட அழைப்பதிலும் ஒரு நாகரிகம் இருக்கிறது. 'கபெசெயோ' என்பார்கள். கூடத்தின் அந்தக் கோடியில் இருப்பவரைப் பார்த்துக் கண்ணால் கேட்பது. அவரும் பார்த்துத் தலையசைத்தால் சம்மதம். பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டால் 'இப்போது வேண்டாம்' என்று அர்த்தம். யாருக்கும் அவமானம் இல்லை. மூன்று நான்கு பாட்டுகள் ஒரு தொகுப்பு. அதை 'டாண்டா' என்பார்கள். அது முடிந்ததும் இடையில் வேறு இசை கொஞ்ச நேரம் ஒலிக்கும். ஜோடிகள் பிரிந்து அவரவர் இருக்கைக்குப் போவார்கள்.

நம் ஊரில் இப்படி எதுவுமே இல்லை என்று நினைக்காதீர்கள். கோலாட்டம் ஆடிய பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். எதிரே நிற்பவளின் கோல் எங்கே, எந்த வேகத்தில் வரும் என்று தெரிந்தால்தான் என் கோல் அதைச் சந்திக்கும். ஓங்கி அடித்தால் அவள் விரல் போகும்! அணைப்பு இல்லை என்பதுதான் வித்தியாசம். எதிராளியைக் கவனிக்கும் பாடம் ஒன்றுதான்.

நாடி பார்க்கும் விரல் சொன்ன பாடம்

சித்த மருத்துவத்தில் நோயை அறிய எட்டு வழிகள் உண்டு. நாடி, ஸ்பரிசம், நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் ஸ்பரிசம் என்பது தொட்டு அறிவது. நாடியும் தொட்டு அறிவதுதான்.

பாளையங்கோட்டையில் படித்த காலத்தில், முதன்முதலாக நாடி பார்க்க உட்கார்ந்தபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெரியாத பதற்றத்தில் விரலை அழுத்தினேன். இருந்த துடிப்பும் மறைந்துவிட்டது! பக்கத்தில் நின்ற ஆசிரியர் என் முழங்கையை லேசாகத் தட்டி, "நீ பேசறதை நிறுத்து. அது பேசட்டும்" என்றார். விரலைத் தளர்த்திய பிறகுதான் துடிப்பு வந்தது. அழுத்தினால் நாடி மறையும். தொட்டும் தொடாமலும் வைத்தால் நாடி எட்டாது. இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி இருக்கிறது. சொல்லிக் கொடுத்து வராது, பழகித்தான் வரும்.

நம் முன்னோர்கள் நாடியை நடையாகவே வர்ணித்தார்கள். வாத நாடி அன்னம், கோழி, மயில் போல நடக்கும். பித்த நாடி ஆமை, அட்டை போல. ஐய நாடி தவளை, பாம்பு போல. டாங்கோ வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. ஆசிரியை ஒரு இளைஞனிடம், "அவளைக் கையால் தள்ளாதே. நீ நட, அவள் வருவாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் வாசலில் செய்ததும் என்னுடைய முதல் நாள் நாடி பார்த்தல் மாதிரிதான். பயத்தில் இறுக்கிப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தவுடன் அவருடைய கால் பேசுவது இவருக்குக் கேட்கவில்லை.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

* அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஹாக்னி, எர்ஹார்ட் இருவரும் 2009-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பார்க்கின்சன் உள்ளவர்களில் ஒரு பிரிவுக்கு டாங்கோ, இன்னொரு பிரிவுக்கு வால்ட்ஸ் மற்றும் ஃபாக்ஸ்டிராட், மூன்றாவது பிரிவுக்கு நடனம் இல்லை. ஆடியவர்களுக்கு 13 வாரங்களுக்குள் ஒரு மணி நேர வகுப்பு 20. ஆடிய இரு பிரிவினருக்கும் உடல் சமநிலையும் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரமும் முன்னேறின. டாங்கோ பிரிவு மற்றதற்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தது. நின்று நின்று கிளம்புவது, எடையை மாற்றுவது, பின்னோக்கி நடப்பது, திரும்புவது என்று இந்த நோயாளிக்கு எதெல்லாம் கஷ்டமோ அதுவே டாங்கோவில் பாடமாக வருகிறது.

* அதே இருவர் 2010-ல் ஜோடியாக ஆடுவதையும் தனியாக ஆடுவதையும் ஒப்பிட்டார்கள். உடல் முன்னேற்றத்தில் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஜோடியாக ஆடியவர்கள்தான் அதிக மகிழ்ச்சி அடைந்ததாகவும், தொடர்ந்து ஆட விரும்புவதாகவும் சொன்னார்கள். இது சாதாரண விஷயம் இல்லை. எந்தப் பயிற்சியையும் பாதியில் விட்டுவிடுவதுதானே நம் எல்லோருடைய நோயும்!

* இத்தாலியில் 2008-ல் வெளியான ஒரு ஆய்வில், இதயம் பலவீனமான 130 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். மருத்துவக் கண்காணிப்பில் எட்டு வாரம் வால்ட்ஸ் ஆடியவர்கள், சைக்கிள், நடைக் கருவிப் பயிற்சி செய்தவர்களுக்கு இணையாக முன்னேறினார்கள்.

* நியூயார்க்கில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், உடல் அசைவுள்ள பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதிநோய் குறைவாக வந்ததோடு சேர்ந்து காணப்பட்டது. நடனம்தான் மறதியைத் தடுத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நல்ல ஞாபகம் உள்ளவர்களே ஆடப் போயிருக்கலாம் அல்லவா?

இவை எதுவும் நோயை வேரோடு எடுக்கும் என்று சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

வீட்டிலேயே ஒரு பயிற்சி

டாங்கோ வகுப்பு எல்லா ஊரிலும் இல்லை. அதனால் அதன் சாரத்தை மட்டும் எடுத்து, அந்தத் தம்பதியின் இயன்முறை மருத்துவரிடமும் கலந்து பேசி, இந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன். நோய் இல்லாத தம்பதிகளும் செய்யலாம்.

முதலில் இடம்: கூடத்தில் மிதியடி, வயர், குழந்தைகளின் பொம்மைகளை அகற்றுங்கள். சுவரோரம் ஒரு உறுதியான நாற்காலி இருக்கட்டும். வழுக்கும் காலுறை வேண்டாம். ஈரத் தரை கூடவே கூடாது. நோயாளி என்றால், மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரமாகப் பாருங்கள். ஆரம்ப நாட்களில் வீட்டில் இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

1. அழைப்பது: நேராகப் போய்க் கையைப் பிடிக்காதீர்கள். எதிரே வந்து கண்ணைப் பாருங்கள். அவர் தலையசைக்கட்டும். அதன் பிறகு எழுந்திருக்கச் சொல்லுங்கள்.

2. நிற்பது: எதிரெதிரே நில்லுங்கள். மனைவி தன் முன்கைகளை நீட்ட, கணவர் அதன் மேல் தன் கைகளை வைக்கட்டும். மனைவியின் உள்ளங்கை அவர் முழங்கைக்கு அடியில் தாங்கலாக இருக்கட்டும். மணிக்கட்டைப் பிடிக்க வேண்டாம். யாரும் யாரையும் இறுக்கவும் வேண்டாம். இப்படியே ஒரு நிமிடம் நின்று மூச்சு விடுங்கள்.

3. எடை மாற்றுவது: தாளம் தெளிவாக இருக்கும் ஒரு பழைய பாட்டை, மெதுவான நடையில் உள்ளதாகப் போடுங்கள். காலைத் தூக்காமல், எடையை வலக்காலுக்கும் இடக்காலுக்கும் மாற்றுங்கள். எட்டு முறை. இப்போது யார் முதலில் அசைந்தார் என்று தெரியாத அளவுக்கு ஒன்றாகும் வரை செய்யுங்கள்.

4. நடப்பது: கணவர் முன்னோக்கி, மனைவி பின்னோக்கி. நான்கு அடி. பிறகு நிற்பது. நிற்பதும் ஒரு அடிதான், அவசரம் வேண்டாம். நோயாளி பின்னோக்கி நடப்பதை இயன்முறை மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே பழக வேண்டும்.

5. கால் ஒட்டிக்கொண்டால்: இழுக்கக்கூடாது! அப்படியே நில்லுங்கள். மூன்றாவது பாடத்துக்குத் திரும்புங்கள். வலது, இடது, வலது என்று எடையை மாற்றிய பிறகு, பாட்டின் தாளத்தில் ஒரு பெரிய அடி எடுக்கச் சொல்லுங்கள்.

6. பேசுவது: பாட்டு ஓடும்போது பேச்சு வேண்டாம். முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாக்கியம். 'எது நல்லா இருந்துது?' என்று மட்டும். குறை சொல்லக்கூடாது.

மூன்று பாட்டு, பத்து நிமிடம் போதும். வாரம் மூன்று நாள் ஆரம்பித்தால் போதுமானது.

கவனியுங்கள்!

படுத்து எழுந்தால் தலை சுற்றுபவர்கள், சமீபத்தில் எலும்பு முறிந்தவர்கள், நெஞ்சுவலி அல்லது மூச்சிரைப்பு உள்ளவர்கள், அடிக்கடி கீழே விழுபவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. நடுக்குவாதத்துக்குப் பூனைக்காலி விதை நல்லது என்று கேள்விப்பட்டு, நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கி இஷ்டத்துக்குச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அந்த விதையில் லெவோடோபா என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. நரம்பியல் நிபுணர் கொடுக்கும் மாத்திரையிலும் அதுதான். இரண்டும் சேர்ந்தால் அளவு மிஞ்சி வாந்தி, தலைசுற்றல், கட்டுப்படாத அசைவுகள் வரலாம். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன்: இரண்டு மருத்துவர்களுக்கும் தெரியாமல் சேர்க்காதீர்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள். அது ஆபத்து.

'எங்களுக்கு எதுக்கு டாக்டர் இது?'

நோய் இல்லாதவர்கள் இப்படிக் கேட்கலாம். ஒரு நாளில் உங்கள் மனைவியை, கணவரை எத்தனை முறை தொடுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணமாகி இருபது வருஷம் ஆன வீடுகளில் காபி டம்ளர் கை மாறும்போது விரல் பட்டால் உண்டு. அல்லது காய்ச்சலா என்று நெற்றியில் கை வைக்கும்போது. அதற்குப் பிறகு தொடுவது எல்லாம் அவசரத்துக்குத்தான். பஸ் ஏற இழுப்பது, ரோடு கடக்க இழுப்பது. நோய் வந்த பிறகு தொட ஆரம்பித்தால் கையில் பயம்தான் இருக்கும். அதனால்தான் முன்கூட்டியே பழகச் சொல்கிறேன். ஆட வேண்டும் என்றுகூட இல்லை. மாலையில் மொட்டை மாடியில் கை கோத்து, ஒருவர் வேகத்துக்கு மற்றவர் இறங்கி, ஏறி நடந்தாலே பாதி வந்துவிடும்.

அந்தத் தம்பதி மூன்று மாதம் கழித்து வந்தார்கள். கை நடுக்கம் அப்படியேதான் இருந்தது. மாத்திரை அளவும் மாறவில்லை. வாசலுக்கு வந்ததும் அவர் கால் அன்றைக்கும் நின்றது. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அந்த அம்மாள் இழுக்கவில்லை. திரும்பி அவர் எதிரே வந்து நின்று, முன்கைகளை நீட்டினார். இருவரும் லேசாக அசைந்தார்கள். வலது, இடது, வலது. பிறகு அவர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

"தோள் வலி எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன்.

"அது இப்ப பரவாயில்லை டாக்டர். ஆனா பாட்டுதான் தகராறு. தினம் அவருக்குப் பிடிச்சதையே போடணும்கறார்" என்றார்.

"சண்டை போட விஷயம் மாறிடுச்சு" என்றார் கணவர் மெதுவாக.

நினைவில் வையுங்கள்

* தாங்கும் பிடி வேறு, இழுக்கும் பிடி வேறு.
* நடத்துபவரும் கேட்க வேண்டும், எதிராளியின் அடி முடியும் வரை காத்திருக்க வேண்டும்.
* கால் ஒட்டிக்கொண்டால் நில்லுங்கள், எடையை மாற்றுங்கள், பிறகு ஒரு பெரிய அடி.
* நடனம் மருந்துக்குத் துணை, மாற்று அல்ல.
* தொடுவதற்கு முன் கண்ணால் கேளுங்கள்.